நம்பிக்கைகளும் உண்மைகளும்: எத்தனை வருஷம் வாசம் செய்தால் பிரஜை?

ஒரு தேசத்தில் பல்லாண்டு காலம் வாசம் செய்தவர் காலக்கிரமத்தில் அத்தேசத்தின் பிரஜையாகிவிடுவார் என்றும், அதன்பின் சர்க்காருக்கு மிஞ்சியிருக்கும் வேலை வருஷங்களை எண்ணிப் பார்த்துப் பத்திரத்தில் முத்திரை வைப்பது ஒன்றுதான் என்றும் நம்மில் அநேகர் மனத்தில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. படித்தவர், படியாதவர் என்ற பேதம் இதில் இல்லை. இதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்குப் பழனி மலைப்பக்கத்தைவிட ஏற்ற இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அருமை. கொடைக்கானல் ஏரிக்கரையில் கம்பளிச் சட்டை விற்கும் திபெத்தியர், வட்டக்கானலில் மாதக்கணக்கில் தங்கிவிடும் வெளிநாட்டார், மேல்மலைக் கிராமங்களில் கூலி வேலை பார்க்கும் ‘சிலோன்காரர்’, மலையிறங்கித் திண்டுக்கல் பக்கம் போனால் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள், தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனியில் வந்திறங்கும் மலேசியத் தமிழர் என்று, பிரஜாவுரிமைச் சட்டத்தின் பிரிவுகள் பலவற்றுக்கும் உயிருள்ள உதாரணங்கள் இங்கே நடமாடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் சிறியதொரு மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் மருமகப்பிள்ளை ‘கிரீன் கார்டு’ வாங்கி ஐந்து வருஷம் காத்திருந்து பிரஜையானதைக் கேள்விப்பட்டவர்கள், நம் நாட்டிலும் ‘நிரந்தர வாசி’ என்றோர் அந்தஸ்து இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு இன்னின்ன வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் சாமானியருக்கு அப்படி ஒரு படியே கிடையாது. 2016-இல் அந்தப் பெயரில் ஒரு திட்டம் வந்தது உண்மை. ஆனால் அது 18 மாதங்களுக்குள் 10 கோடி ரூபாயோ, 36 மாதங்களுக்குள் 25 கோடி ரூபாயோ இங்கே முதலீடு செய்யும் அந்நியருக்குப் பத்து வருஷம் தங்க அனுமதி தருவது. மற்றவர்களின் கண்ணில் படக்கூடியதன்று. மற்றவர்கள் விசாவின் மீதும் வசிப்பு அனுமதியின் மீதும் காலம் தள்ளி, 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கும் கணக்கை நிறைவு செய்ய வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் இடைவிடாமல் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய 14 வருஷங்களில், சேர்த்துப் பார்த்தால் 11 வருஷங்களாவது இங்கே கழித்திருக்க வேண்டும். பேச்சு வழக்கில் ‘பன்னிரண்டு வருஷம்’ என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். வசிப்பினால் பிரஜையாகும் இவ்வழிக்கு ‘இயல்புரிமை’ என்று பெயர்.

இனி, இம்மலையில் மிகப் பரவலாக வழங்கும் நம்பிக்கைக்கு வருவோம். கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடைத்தெருவில் டீ குடிக்கும் எவரையும் கேளுங்கள், “சிலோன்காரங்க எல்லாம் அகதிகள்தானே, அவங்களுக்குக் குடியுரிமை இன்னும் வரலியே?” என்று பரிதாபத்தோடோ எரிச்சலோடோ சொல்வார். பரிதாபமும் எரிச்சலும் இரண்டுமே இங்கே அநாவசியம். அவர் குறிப்பிடும் மனிதர்களில் பெரும்பாலோர், இந்தியக் கரையில் கால் வைப்பதற்கு முன்பே, ஒரு நாள்கூட இந்நாட்டில் வசிக்காமலே, பூரணமான இந்தியப் பிரஜைகளாக ஆனவர்கள்.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ் ஜில்லாக்களிலிருந்து இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகப்பட்ட தொழிலாளரின் சந்ததியார், அந்நாடு சுதந்திரமடைந்த 1948-இலேயே, அவ்வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். அவர்களுக்கென்று அடுத்த வருஷம் ஒரு சட்டம் இயற்றினார்கள். காத்திருப்புக் காலம் என்பது எவ்வளவு விசித்திரமான ஆயுதமாகலாம் என்பதை அறிய விரும்புவோர் அச்சட்டத்தைப் படிக்க வேண்டும். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால், மணமானவராயின் 7 வருஷமும் மணமாகாதவராயின் 10 வருஷமும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருப்பதாக நிரூபிக்க வேண்டும் என்றது அது. காத்திருக்க வேண்டிய காலம் முழுவதும் இறந்த காலத்தில் வைக்கப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். இனிமேல் எத்தனை வருஷம் இருந்தாலும் பயனில்லை. முன்பு இருந்ததற்குச் சாட்சி வேண்டும். மலைச்சரிவில் கொழுந்து பறித்தவளிடம் பிறப்புப் பதிவு ஏது? தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் இருக்கும் பெயர் ஒன்றாகவும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயர் இன்னொன்றாகவும் இருந்தால் சந்தேகம். இடையில் தாயகம் வந்து நெடுநாள் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோயிற்று என்ற ஆட்சேபம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. அங்கீகாரம் பெற்றவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

எஞ்சியவர்களை என்ன செய்வதென்று இரு சர்க்கார்களும் பல வருஷம் யோசித்து, 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்வதுபோல் மனிதர்களைப் பிரித்துக்கொண்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்பது கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவின் பங்குக்கு வந்தவர்களைக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, முதல் உட்பிரிவின் ‘பி’ ஷரத்தின் கீழ்ப் பதிவு செய்தார்கள். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவுக்கு வெளியே வாழும் இந்திய வம்சாவளியினரைப் பிரஜைகளாகப் பதிவு செய்யும் ஷரத்து அது. இந்தியாவில் இத்தனை வருஷம் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. கண்டியிலிருந்த இந்திய உதவி ஹைகமிஷன் காரியாலயத்தில் பதிவு முடிந்த அன்றே அவர்களுடைய பிரஜாவுரிமை முடிந்த விஷயமாயிற்று. பின்பு அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, தமிழ்நாட்டு ஜில்லாக்களுக்குச் சிதறியது இந்தியர் இந்தியாவுக்குள் பிரயாணம் செய்த கதையே ஆகும். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். நாலரை லட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு வந்து சேர்ந்தனர்.

அந்தக் காகிதங்களை மேல்மலை வீடொன்றில் நான் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டியின் அடியில், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளுக்கும் ஒரு பழைய சுவாமி படத்துக்கும் இடையே பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த இந்தியப் பாஸ்போர்ட். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. குழந்தைகளின் பெயர்கள் தகப்பனாரின் பாஸ்போர்ட்டிலேயே மையினால் எழுதப்பட்டிருந்தன. அதனோடு மடித்துவைத்த குடும்ப அட்டை. அந்த வீட்டுப் பாட்டி, “அங்க இருந்தப்போ கள்ளத்தோணின்னாங்க, இங்க வந்தா சிலோன்காரின்றாங்க” என்று சொல்லிவிட்டு, பேச்சை முடித்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். தொழில் தொடங்க ஐயாயிரம் ரூபாய்க் கடன் பெற்றுச் சமவெளியில் கடை வைத்துக் கை சுட்டுக்கொண்ட எத்தனையோ குடும்பங்கள், தங்களுக்குப் பழக்கமான குளிரையும் சரிவையும் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஏறி வந்தன. இங்கே வனத்துறைத் தோட்டங்களில் சீகை மரத்துப் பட்டை உரிக்கவும் தைல மரம் வெட்டவும் கான்டிராக்டரிடம் முன்பணம் வாங்கி, அம்முன்பணத்தை அடைக்க முடியாமல் கொத்தடிமைகளைப்போல் கிடந்த அவலம் 1980-களில்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அவர்களுக்கு இல்லாதிருந்தது நிலமும் நியாயமான கூலியும். பிரஜாவுரிமை அவர்கள் பெட்டிக்குள் பத்திரமாகவே இருந்தது.

சிலோன்காரரை அகதி என்று எண்ணும் பிழை இவ்வாறிருக்க, அதற்கு நேர் எதிரான இன்னொரு பிழை மலையடிவாரத்தில் நிலவுகிறது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990-இல் யுத்தம் மீண்டும் மூண்டபோதும் படகேறி வந்து முகாம்களில் தங்கியவர்கள், முப்பது நாற்பது வருஷமாக இங்கேயே இருப்பதால், பன்னிரண்டு வருஷக் கணக்கை மும்மடங்கு நிறைவு செய்துவிட்டார்கள், ஆகவே விண்ணப்பம் போட்டால் போதும் என்பது அது. திண்டுக்கல்லுக்கு அருகே தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 321 புதிய வீடுகளைத் திறந்துவைத்தபோது, கெட்டியான சுவர் எழும்பிவிட்டதைக் கண்டவர்கள் பிரஜாவுரிமையும் கூடவே வந்துவிட்டதாக நினைத்ததில் வியப்பில்லை.

யதார்த்தம் வேறு. 2003-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் 2004 டிசம்பர் 3 முதல், முறையான பாஸ்போர்ட்டோ பிரயாணப் பத்திரமோ இன்றி உள்ளே வந்தவரும், அனுமதித்த காலத்துக்குமேல் தங்கிவிட்டவரும் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று வகுக்கப்பட்டு, பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ பிரஜையாகும் இரு வழிகளும் அவர்களுக்கு அடைக்கப்பட்டன. உயிருக்குப் பயந்து இரவில் படகேறியவரிடம் விசா ஏது? ஆதலால் அவர் இங்கே கழித்த முதல் வருஷமும் முப்பதாவது வருஷமும் சட்டத்தின் கணக்கில் ஒன்றேதான், இரண்டும் பூஜ்யம். கனடாவில் இதற்கு மாறான ஏற்பாடு உண்டு. ஐந்து வருஷத்தில் 1,095 நாள் இருக்க வேண்டுமென்று கேட்கும் அத்தேசம், நிரந்தர வாசியாகுமுன் அகதியாகப் பாதுகாப்புப் பெற்று வாழ்ந்த நாட்களையும் ஒன்றுக்கு அரை நாளாக, ஓர் எல்லைவரை, கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நம் சட்டத்தில் அந்த அரை நாளும் இல்லை. 2025-இல் வந்த புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு விலக்கு அளித்து ஓர் உத்தரவு பிறந்தது. அது தண்டனையிலிருந்து விலக்கு மாத்திரமே. பிரஜாவுரிமைக்கு அதில் இடமில்லை.

இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம்தான் மனத்தை மிகவும் வருத்துவது. இலங்கை மலையகத்தில் ஒரே லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், அடுத்தடுத்த காம்பிராக்களில் பிறந்து வளர்ந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பதிவு முடிந்து கப்பலேறி வந்தார், அவர் இந்தியர். மற்றவர் தம் முறைக்குக் காத்திருக்கையில் கலவரம் மூண்டது, 1984-இல் கப்பலும் நின்றது, கிடைத்த படகில் தப்பி வந்தார், அவர் அகதி. வம்சாவளி ஒன்று, பாட்டனாரின் கிராமம் ஒன்று, வந்து சேர்ந்த கரையும் ஒன்று. இத்தகைய இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய விண்ணப்பங்களைக் கலெக்டர்கள் பெற்று மேலே அனுப்ப வேண்டும், மத்திய சர்க்கார் 16 வாரங்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்று உத்தரவிட்டார். பிரஜாவுரிமையைத் தாமே வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை.

“இங்கே பிறந்துவிட்டால் இந்தியன்தானே?” என்பது அடுத்த நம்பிக்கை. இது பொய்யும் அன்று, மெய்யும் அன்று. பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை முதல் தேதிக்கு முன்வரை இம்மண்ணில் பிறந்தவர், அந்நிய ராஜதந்திரிகளின் குழந்தைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் யாராயினும் பிரஜையே. அதன்படி, கொடைக்கானல் வான் ஆலன் ஆஸ்பத்திரியில் 1960-இல் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்குக் குழந்தை பிறந்திருந்தால் அதுவும் சட்டத்தின் கண்ணில் இந்தியக் குழந்தையாகவே பிறந்தது. 1987 ஜூலை முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். இத்தேதிகளின் பலத்தை இரண்டு பெண்களின் வழக்குகள் காட்டின. 1986-இல் ஹிமாசலப் பிரதேசத்தில் பிறந்த திபெத்தியப் பெண்ணை இந்தியர் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அதே 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்துவந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட, அவர் 2024 ஏப்ரலில் லோக்சபைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் ஒரு நாளும் காத்திருக்க வேண்டியவரே அல்லர். பிறந்த கணத்திலிருந்து பிரஜை. ஆயினும் முப்பத்தைந்து வருஷத்துக்குமேல் அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முகாம்களில் 1987-க்கு முன் பிறந்து, தங்களை அகதி என்றே எழுதிக் கையெழுத்திட்டுவரும் நாற்பது வயதுக்காரர்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கல்யாணத்தைப் பற்றிய நம்பிக்கை வட்டக்கானல் பக்கம் அதிகம். இந்தியரை மணந்தால் மறுநாளே பிரஜை என்பது மிகப் பழைய செய்தி. ஆதியில் இந்தியரை மணந்த பெண்களுக்கு வசிப்புக் காலமே விதிக்கப்படவில்லை. 1986-இல் ஐந்து வருஷமும், 2003-இன் திருத்தத்தால் ஏழு வருஷமும் விதிக்கப்பட்டன. அந்த ஏழும் தொடர்ச்சியான ஏழல்ல. கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் முழுவதும், அதற்கு முந்தைய எட்டு வருஷங்களில் ஆறு வருஷமும் இங்கே இருந்திருந்தால் போதும். இந்தியாவில் வந்து வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு 1955-இல் ஆறு மாதமே போதுமானதாயிருந்தது என்பதை இன்று சொன்னால் நம்புவார் இல்லை.

வெளிநாட்டுப் பிரஜைகளான நம்மவர் வைத்திருக்கும் ‘ஓ.சி.ஐ.’ அட்டையை இரட்டைப் பிரஜாவுரிமை என்று கருதுவதும் தவறு. அது ஆயுட்கால விசா, வாக்குரிமை இல்லை, ஏரிக்கரையில் பங்களா வாங்கலாம், தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வாங்க முடியாது, ஏனெனில் விவசாய நிலமும் தோட்டமும் அவர்களுக்கு விலக்கு, பிதுரார்ஜிதமாக வந்தால் சரி. அட்டை பெற்று ஐந்து வருஷமாகி, அதோடு ஒரு வருஷம் இங்கே வாழ்ந்தவர் பிரஜையாகப் பதியலாம். அப்போது தம் வெளிநாட்டுப் பிரஜாவுரிமையைத் துறந்தாக வேண்டும். 2019-இன் திருத்தம் பதினொரு வருஷத்தை ஐந்தாகக் குறைத்ததே என்பாரும் உளர். குறைத்தது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு. இலங்கையின் பெயர் அதில் இல்லை. ரேஷன் கார்டையும் ஆதாரையும் காட்டிப் பிரஜை என்று வாதிப்போருக்கு, ஒரு வருஷத்தில் 182 நாள் இங்கே தங்கிய அந்நியரும் ஆதார் பெறலாம் என்பதும், அது பிரஜாவுரிமைக்கு அத்தாட்சி அன்று என்று ஆதார் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்பதும் போதுமான பதில்.

அந்நிய தேசங்களில் நிரந்தர வாசம் கிடைத்துவிட்டால் பிரஜாவுரிமை தானே பின்தொடரும் என்று நம்புவோர், பழனி அடிவாரத்து மொட்டைக் கொட்டகையில் வரிசையில் நிற்கும் மலேசிய முதியவர் எவரிடமாவது பேச்சுக் கொடுத்தால் தெளிவடைவார்கள். அங்கே பிரஜைக்கு நீல அட்டை, நிரந்தர வாசிக்குச் சிவப்பு அட்டை. பன்னிரண்டு வருஷத்தில் பத்து வருஷம் வசித்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து. மலாய் மொழியறிவும் வேண்டும். ரப்பர்த் தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்தும் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் சிவப்பு அட்டையோடு முதுமையெய்திய தமிழர் அங்கே உண்டு. அவர்கள் விஷயத்தில் பத்து வருஷம் என்பது எத்தனையோ முறை கழிந்துபோன காலம்.

காலம் பூர்த்தியானால் உரிமை பிறந்துவிடும் என்ற எண்ணத்துக்குக் கடைசி ஆட்சேபம் நம் சட்டத்தின் பதினான்காவது பிரிவில் இருக்கிறது. எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியவருடைய விண்ணப்பத்தையும் மத்திய சர்க்கார் தன் விருப்பப்படி ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. வருஷங்கள் விண்ணப்பிக்கும் யோக்கியதையை மட்டுமே தருகின்றன. கொடைக்கானல்காரர் ஒருவர் விண்ணப்பித்தால் அவருடைய காகிதங்கள் திண்டுக்கல் கலெக்டர் காரியாலயம், சென்னைத் தலைமைச் செயலகம், டில்லி உள்துறை என்று பிரயாணம் செய்து, போலீஸ் விசாரணையும் உளவுத்துறை அறிக்கையும் சேர்ந்து, பின்பே முடிவு காணும். அட்டவணை கேட்கும் தகுதிகளில் நன்னடத்தையோடு இன்னொன்றும் உண்டு: அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றில் போதிய ஞானம். தோட்டனூத்து முகாமில் அந்தப் பரீட்சையில் தவறக்கூடியவர் ஒருவரும் இரார்; ஆனால் விண்ணப்பம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முதல் தடையிலேயே நின்றுவிடுகிறபடியால், அந்தப் பக்கத்தை அதிகாரிகள் புரட்ட வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை.